வியாபாரம் யாருக்காக? – ஒரு கணக்குப் புத்தகத்தைப் புரட்டியபோது

க.பொ.த. உயர்தர வகுப்பில் வணிகக் கல்வி கற்பித்த காலத்தில் ஆண்டுதோறும் நான் கரும்பலகையில் ஓர் அட்டவணை வரைவதுண்டு. இடது நிரலில் 'வணிகத்தில் அக்கறையுடைய தரப்பினர்'. வலது நிரலில் 'அவர்களது நோக்கங்கள்'. உரிமையாளருக்கு இலாபம். ஊழியருக்கு நல்ல சம்பளமும் தொழிற் பாதுகாப்பும். வாடிக்கையாளருக்கு நியாயமான விலை, தரம். வழங்குநருக்கு உரிய காலத்தில் கொடுப்பனவு. கடன் கொடுத்தவருக்குத் தவணை தவறாமை. அரசுக்கு வரி. அயலவருக்குப் புகையும் தூசியும் இல்லாத காற்று. பிள்ளைகள் அதை அப்படியே கொப்பியில் எழுதி, மனனம் செய்து, பரீட்சை மண்டபத்தில் கொட்டிவிட்டு வருவார்கள். இருபத்தெட்டு ஆண்டுகள் இந்த அட்டவணையை வரைந்திருக்கிறேன். அதில் ஒரு பிழையும் இல்லை என்றே நம்பியிருந்தேன்.

2008ஆம் ஆண்டு ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: "சேர், ஒராளே ரெண்டு மூணு இடத்துல வந்தா அவர்ட நோக்கம் எது?"

அந்தப் பிள்ளையின் உம்மா எங்கள் வாப்பாவின் அரிசி ஆலையில் நெல் காயவைக்கும் களத்தில் வேலை செய்தவர். அங்கேயே குறைந்த விலைக்குக் குறுணல் வாங்கிக்கொண்டு போவார். அவளுடைய வாப்பா குத்தகைக்கு வயல் செய்து அதே ஆலைக்கு நெல் விற்பவர். அவர்களது குடிசை ஆலையின் பின்மதிலோடு ஒட்டியது. உமிச் சாம்பல் பறந்து வந்து விழுவது அவர்கள் முற்றத்தில்தான். ஆக, என் அட்டவணையின் நான்கு வரிகளில் அந்த ஒரு குடும்பம் நின்றது. நெல் விலை ஏறினால் வாப்பாவுக்கு நன்மை, அரிசி விலை ஏறுவதால் உம்மாவுக்குத் தீமை. ஆலை ஓடினால் கூலி உண்டு, சாம்பலும் உண்டு.

"பரீட்சைக்கு அப்படியெல்லாம் வராது" என்றேன். வகுப்பு சிரித்தது. அவள் உட்கார்ந்துவிட்டாள்.

வாப்பாவின் ஆலை பெரியதல்ல. கல்லோயாத் திட்டம் வந்த பிறகு எங்கள் பகுதியில் வயல் பெருகியது. வயல் பெருகவே ஆலைகளும் முளைத்தன. அவற்றுள் ஒன்று எங்களுடையது. கல்முனைக்குத் தெற்கே, பிரதான வீதிக்கு மேற்குப் புறமாக, ஒரு கொதிகலனும் நான்கு புழுக்கல் தொட்டிகளும் ஒரு சீமெந்துக் களமும் கொண்டது. நூறு கிலோ நெல்லைப் போட்டால் அறுபத்தைந்து கிலோ அளவில் அரிசி வரும். மற்றது உமி, தவிடு, குறுணல். உமி கொதிகலனுக்குப் போகும். தவிட்டை மாட்டுக்காரர் வாங்குவர். குறுணலைத் தோசைக்கும் கோழிக்கும் ஏழைகளுக்குமாகப் பிரித்துக்கொள்வார்கள்.

ஆலைக்காரன் என்றால் கொழுத்தவன் என்பது நமது இலக்கியத்தில் நெடுங்காலமாக இருந்துவரும் எண்ணம். கதைகளில் அவன் தராசில் கைவைப்பவன், பதுக்குபவன். அப்படிப்பட்டவர்கள் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் கணக்கையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். 2024 டிசெம்பரில் அரசாங்கம் நாட்டரிசிக்கு உச்ச விலை விதித்தது: மொத்த விலை கிலோ 225 ரூபா, சில்லறை விலை 230 ரூபா. 2025 பெப்ரவரியில் நெல் சந்தைப்படுத்தும் சபை நாட்டு நெல்லைக் கிலோ 120 ரூபாவுக்கு வாங்கும் என்று அறிவிக்கப்பட்டது. நூற்றுக்கு அறுபத்தைந்து என்ற கணக்கில் பார்த்தால், ஒரு கிலோ அரிசிக்குள் ஏறத்தாழ 185 ரூபா நெல்லாகவே இருக்கிறது. மிஞ்சுவது நாற்பது ரூபா. தவிட்டுக் காசையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மின்சாரம், சாக்கு, லொறி, நாட்டாமைமாரின் கூலி, களத்துப் பெண்களின் கூலி, இயந்திரத் தேய்மானம், கடன், முதலாளியின் வீடு, அவர் கொடுக்க வேண்டிய ஸகாத் எல்லாம் அந்த நாற்பது ரூபாவுக்குள்தான். நான் கரும்பலகையில் ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதியவர்கள் உண்மையில் ஒரே சஹனைச் சுற்றி அமர்ந்திருந்தவர்கள். ஒருவர் கை நீளும்போது இன்னொருவர் பக்கம் குறையும்.

விலைக் கட்டுப்பாட்டுப் பேச்சு வரும்போதெல்லாம் எங்கள் வர்த்தகர்கள் ஒரு ஹதீஸை எடுத்துக்கொண்டு வருவார்கள். விலையை நிர்ணயிக்கும்படி நபி (ஸல்) அவர்களிடம் கேட்கப்பட்டபோது அவர்கள் மறுத்துவிட்டார்கள் என்பது அது. உண்மைதான். ஆயினும் அந்த மறுப்புக்கு அவர்கள் சொன்ன காரணம், எவருக்கும் அநியாயம் செய்தவராக இறைவனைச் சந்திக்கக் கூடாது என்ற அச்சமாகும். வர்த்தகரின் வசதி அங்கே பேசப்படவில்லை. அதே நபிமொழித் தொகுப்புகளில் பதுக்கலுக்கு எதிரான எச்சரிக்கையும் உண்டு. சந்தை விலை தெரியாமல் வரும் வணிகக் கூட்டத்தை ஊருக்கு வெளியே எதிர்கொண்டு வாங்குவதற்குத் தடையும் உண்டு. இப்னு தைமிய்யா போன்ற பிற்கால அறிஞர்கள் சில சூழ்நிலைகளில் விலை நிர்ணயம் ஆகும் என்றே கருதினர். ஒன்றைச் சொல்லி மற்றதை மறைப்பதும் ஒருவகைப் பதுக்கல்தான். இது சந்தர்ப்பம் கருதிச் சொல்வது. வாப்பாவிடம் திரும்புகிறேன்.

2004 டிசெம்பர் 26. மருதமுனையும் கல்முனைக்குடியும் சாய்ந்தமருதும் அன்று கண்டதை இங்கே விவரிக்கப் போவதில்லை. அதை எழுதியவர்கள் நம்மிடையே பலர் உள்ளனர். எங்கள் ஆலை வீதிக்கு மேற்கே இருந்ததால் தண்ணீர் வரவில்லை. பாடசாலைகளும் பள்ளிவாசல்களும் நிறைந்து வழிந்தன. அஸருக்கு முன்பே வாப்பா ஆலையின் களஞ்சியத்தைத் திறந்துவிட்டார். அன்று மாலையிலிருந்து கொதிகலன் நிற்கவில்லை. அரிசி, அரிசி, அரிசி. எவ்வளவு போனது என்று எவரும் எழுதவில்லை. எழுதியிருந்தால்தான் வெட்கம்.

அந்த நெல் முழுவதும் வாப்பாவுடையதல்ல என்பதுதான் சிக்கல். டிசெம்பர் கடைசி என்பது பெரும்போக அறுவடைக்கு முந்திய காலம். ஊரில் நெல் குறைந்து விலை ஏறி நிற்கும். சிறுபோக நெல்லை உடனே விற்காமல், இந்த விலைக்காகவே காத்திருந்து, பதினொரு விவசாயிகள் எங்கள் களஞ்சியத்தில் மூடைகளை அடைக்கலமாக வைத்திருந்தனர். அமானத். வாப்பாவின் சொந்த நெல் மூன்றாம் நாளே முடிந்துவிட்டது. நான்காம் நாள் அவர் அமானத் மூடைகளின் கட்டை அவிழ்த்தார்.

பொருளாதார அறிஞர் மில்டன் ப்ரீட்மன் 1970இல் நியூயோர்க் டைம்ஸ் சஞ்சிகையில் எழுதிய கட்டுரை உலகப் பிரசித்தமானது. கம்பனி முகாமையாளர் சமூகப் பொறுப்பு என்ற பெயரில் பணம் செலவிடும்போது, அவர் செலவிடுவது பிறர் பணத்தை. பங்குதாரரிடமோ ஊழியரிடமோ வாடிக்கையாளரிடமோ அவர் அனுமதியின்றி வரி அறவிடுகிறார். அந்த அதிகாரத்தை அவருக்குக் கொடுத்தது யார்? இதுவே அவர் வாதத்தின் சாரம். இதை வகுப்பில் சொல்லும்போது நான் முகம் சுளிப்பேன். முதலாளித்துவத்தின் கல்நெஞ்சுக்கு உதாரணமாகவே அதைக் காட்டுவேன். ஆனால் அந்தப் பதினொரு விவசாயிகளின் இடத்தில் இருந்து வாசித்தால் அது அவ்வளவு கல்நெஞ்சான கேள்வியல்ல. வாப்பாவின் தாராளத்துக்கு நெல் கொடுத்தது யார்?

வாப்பாவுக்கு ப்ரீட்மனைத் தெரியாது. எங்களூர் மௌலவி ஒருவரைத் தெரியும். அவரிடம் போனார். மௌலவி சொன்ன பதில் உஸ்மானியர் காலத்து மஜல்லா சட்டத் தொகுப்பிலும் இடம்பெற்ற ஒரு விதியைத் தழுவியது: நிர்ப்பந்தம் ஒரு செயலை ஆகுமாக்கலாம், ஆனால் அடுத்தவனுடைய உரிமையை அழித்துவிடாது. பசித்தவனுக்குக் கொடுத்தது சரி. கொடுத்ததற்கு நீ பொறுப்பாளி.

எப்படிப் பொறுப்பது என்பதிலே மீண்டும் பிரச்சினை. ஒரு விவசாயி டிசெம்பர் விலையைக் கேட்டார். இன்னொருவர் தான் ஜனவரிக் கடைசியில்தான் விற்க இருந்ததாகவும் அன்றைய விலையே தனக்கு உரியது என்றும் வாதிட்டார். இருவர் மனைவி மக்களைக் கடலுக்குக் கொடுத்தவர்கள், ஒன்றும் கேட்கவில்லை. மௌலவியின் கருத்து, நெல் அளந்து கொடுக்கும் பொருள் ஆகையால் நெல்லுக்கு நெல் என்பதாகும். ஆனால் அறுவடைக்குப் பின் ஒரு மூடை நெல்லின் விலை, அறுவடைக்கு முன்னிருந்த மூடையின் விலையல்லவே. வாப்பா மூடைக்கு மூடை கொடுத்துவிட்டு, ஒவ்வொருவருக்கும் கேட்காமலே சில மூடைகள் கூட்டி வைத்தார். நிபந்தனை இன்றித் திருப்பிக் கொடுக்கும்போது கூட்டிக் கொடுப்பது ஸுன்னத் என்றார். ஒரு முதிய போடியார் மாத்திரம் அந்த மேலதிக மூடைகளைத் தொடவில்லை. "இது வட்டியா இல்லையா எண்டு எனக்குத் தெரியா, தெரியாத ஒண்ட ஊட்டுக்குக் கொண்டுபோக ஏலா" என்று வண்டியைத் திருப்பிவிட்டார்.

இதுவரைக்கும் உள்ள கதையை நான் பல மேடைகளில் சொல்லியிருக்கிறேன். வாப்பா 2011இல் வபாத்தானபோது ஜனாஸாத் தொழுகைக்கு முன்னரும் இதையே சொன்னார்கள். வாப்பாவின் பெயர் இன்றும் ஊரில் அந்த அரிசியின் வாசத்தோடுதான் நிற்கிறது.

இவ்விடத்தில் வேறொரு ஆலை முதலாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஹென்றி போர்ட். 1914 ஜனவரியில் தன் மோட்டார் கார் ஆலைத் தொழிலாளருக்கு நாளுக்கு ஐந்து டொலர் என்று அறிவித்து உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தவர். தொழிலாளர் மீதிருந்த அன்பு என்று பத்திரிகைகள் எழுதின. அதற்கு முந்திய ஆண்டில், சுமார் 14,000 பேர் வேலை செய்த ஆலைக்கு 52,000 பேர்வரை புதிதாகச் சேர்க்க வேண்டியிருந்தது என்பது கணக்கு. ஓடும் பட்டிக்கு முன்னால் நிற்க முடியாமல் அவ்வளவு பேர் விட்டுவிட்டுப் போனார்கள். ஐந்து டொலர் அவர்களை நிறுத்தி வைத்த விலை. அதைப் பெறுவதற்குக் குடியும் குடித்தனமும் ஒழுங்காக இருக்கின்றனவா என்று ஆலையின் உத்தியோகத்தர்கள் வீடு வீடாகப் போய்ப் பார்த்தார்கள்.

1916இல் கம்பனியிடம் பெருந்தொகை மிகைப் பணம் சேர்ந்திருந்தது. போர்ட் பங்குதாரருக்கு வழக்கமாகக் கொடுத்து வந்த விசேட பங்கிலாபத்தை நிறுத்தினார். காரின் விலையை 440 டொலரிலிருந்து 360ஆகக் குறைத்தார். ரூஜ் நதிக்கரையில் புதிய பேராலை கட்டப் போவதாகச் சொன்னார். பத்து வீதப் பங்கு வைத்திருந்த டொட்ஜ் சகோதரர்கள் வழக்குத் தொடுத்தனர். நீதிமன்றத்தில் போர்ட், நிறுவனம் போதுமான அளவுக்கு மேல் இலாபம் எடுத்துவிட்டது, இனி அதன் பயன் வேலை செய்பவர்களுக்கும் கார் வாங்குபவர்களுக்கும் பரவ வேண்டும் என்ற கருத்தில் சாட்சியம் சொன்னார். 1919இல் மிச்சிகன் மாநிலத்தின் உயர்மட்ட நீதிமன்றம், வணிகக் கம்பனி முதன்மையாகப் பங்குதாரரின் இலாபத்துக்காகவே நடத்தப்படுவது என்று கூறி, சுமார் 19 மில்லியன் டொலர் பங்கிலாபத்தைப் பகிர்ந்தளிக்க உத்தரவிட்டது. ஆலை விரிவாக்கத்தை மாத்திரம் தடுக்கவில்லை. வியாபாரம் எப்படி நடத்துவது என்பது நீதிபதிகளின் துறையல்ல என்று ஒதுங்கிக்கொண்டது.

தீர்ப்பின் முதற் பாதியை எல்லாரும் மேற்கோள் காட்டுவார்கள். நான் யோசிப்பது வேறு. டொட்ஜ் சகோதரர்கள் 1914இலிருந்து சொந்தமாகக் கார் செய்யத் தொடங்கிவிட்டார்கள். போர்ட் கொடுக்கும் பங்கிலாபமே அவர்களது ஆலைக்குத் தீனி. ஆகவே போர்ட் தொழிலாளரையும் வாடிக்கையாளரையும் பற்றிப் பேசியபோது அவர் மனதில் இருந்தது அவர்களா, போட்டிக்காரரின் கழுத்தா? பெரும்பாலும் இரண்டுமே. வழக்கில் தோற்றவர், புதிய கம்பனி தொடங்கப் போவதாகப் பயமுறுத்தி, சிறு பங்குதாரர் அனைவரையும் 1919இலேயே நூறு மில்லியன் டொலருக்கு மேல் கொடுத்து வெளியேற்றினார். அதற்காக வாங்கிய கடன் 1920 – 21 மந்தகாலத்தில் கழுத்தை நெரித்தது. அப்போது அவர் செய்த காரியம், கேட்காத கார்களை முகவர்களுக்கு அனுப்பி, பணத்தைக் கட்டி எடுத்துக்கொள்ளச் சொன்னது. எடுக்காவிட்டால் முகவர் பதவி போய்விடும். முகவர்கள் தத்தம் ஊர் வங்கிகளில் கடன் பட்டுக் கட்டினார்கள். 'பங்குதாரரின் இலாபமா, மக்களின் நன்மையா' என்று நீதிமன்றத்தில் நடந்த பெரும் விவாதத்தின் கடைசிச் செலவு, அந்த விவாதத்தில் பெயரே வராத ஊர்க் கடைக்காரர் தலையில் இறங்கியது.

1984இல் எட்வர்ட் ப்ரீமன் எழுதிய நூலுக்குப் பிறகுதான் 'அக்கறையுடைய தரப்பினர்' என்ற சிந்தனை முகாமைத்துவப் பாடங்களில் வேரூன்றியது. 2019 ஓகஸ்ட் மாதம் அமெரிக்காவின் மிகப்பெரிய கம்பனிகளின் தலைவர்கள் 181 பேர், தாங்கள் எல்லாத் தரப்பினருக்கும் கடமைப்பட்டவர்கள் என்று அறிக்கை ஒன்றில் கையொப்பமிட்டனர். நல்லதே. ஆனால் எல்லாருக்கும் கடமைப்பட்டவன், ஒருவர் வந்து கேட்கும்போது இன்னொருவரைக் கைகாட்டித் தப்பிக்கொள்ள முடியும். பங்குதாரர் கேட்டால் தொழிலாளர் நலன். தொழிலாளர் கேட்டால் பங்குதாரர் நெருக்கடி. விவசாயி கேட்டால் நுகர்வோர். நுகர்வோர் கேட்டால் விவசாயி. எங்கள் நாட்டு அரிசி அரசியலை முப்பது ஆண்டுகளாகப் பார்ப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

எங்கள் ஆலைக் கணக்குக்கு வருகிறேன்.

வாப்பாவுக்குப் பின் பராயிள் சட்டப்படி பாகம் பிரித்தோம். உம்மாவுக்கு எட்டிலொன்று. மீதி, ஆண்மக்கள் மூவருக்கும் பெண்மக்கள் இருவருக்கும். கணக்கு வாத்தியார் என்பதால் என்னிடமே ஒப்படைத்தார்கள். ஆலையை அறுபத்து நான்கு பங்காக்கினால் பின்னம் இல்லாமல் வரும்: உம்மாவுக்கு எட்டு, சகோதரர் மூவருக்கும் தலா பதினான்கு, சகோதரிகள் இருவருக்கும் தலா ஏழு. அழகாகப் பொருந்தியது. பாகத்துக்கு முன் மையித்தின் கடன் தீர்க்கப்பட வேண்டும் என்பதும் தெரிந்ததே. வங்கிக் கடன், சாக்குக் கடைக் கடன், இரண்டு போடிமாரின் நெல் பாக்கி எல்லாவற்றையும் தீர்த்தோம்.

பாகப் பத்திரம் எழுதி மூன்று மாதங்கள் கழிந்து, பழைய புத்தகங்களை அடுக்கும்போது 2005ஆம் ஆண்டுச் சம்பளப் பதிவு கையில் அகப்பட்டது. ஜனவரி, பெப்ரவரி, மார்ச். களத்துப் பெண்கள் ஏழு பேர். நாட்கூலி 200 ரூபா. கொடுத்தது 100. எதிரே வாப்பாவின் கையெழுத்தில் 'பாக்கி'. அறுபத்தாறு நாள். ஆளுக்கு 6,600 ரூபா. அடுத்த மாதங்களில் கூலி முழுதாக இருக்கிறது, பாக்கி தீர்த்ததாகப் பதிவில்லை. அடுத்த ஆண்டும் இல்லை. அதற்கடுத்த ஆண்டும் இல்லை.

விவசாயிகளுக்குக் கூட்டிக் கொடுத்த மூடைகள் எங்கிருந்து வந்தன என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. நெல் இரவல் போன விவசாயிக்கு நெல்லும் மேலதிக நெல்லும் கிடைத்தது. அந்த நெல்லை இரவு பகலாகப் புழுக்கிக் காயவைத்தவளுக்குப் பாதிக் கூலி. வாப்பா தீயவர் அல்லர். விவசாயி கொடுக்காவிட்டால் அடுத்த போகத்தில் ஆலை நின்றுவிடும். போடியார் கோபித்தால் ஊரில் பேச்சு வரும். களத்துப் பெண்ணுக்குப் போவதற்கு வேறிடமில்லை, ஆகவே அவளால் காத்திருக்க முடியும். வியாபாரம் தெரிந்த எவரும் கடனை இந்த வரிசையில்தான் தீர்ப்பார். நான் ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதிய நிரலுக்கு ஒரு வரிசை இருந்தது, அதை நான் ஒருபோதும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

புத்தகத்தைக் காக்காவிடம் காட்டினேன். அவர்தான் ஆலையை நடத்துபவர். நெடுநேரம் பார்த்தார். "அவங்க ஒரு நாளும் கேக்கல்லயே. ஸதகாவா நெனச்சிருப்பாங்க. சுனாமி நேரம் எல்லாரும் எதையோ குடுத்தாங்கதானே" என்றார். அந்த விளக்கம் எனக்கும் வசதியாக இருந்தது. என் மகளின் வீட்டு வேலை அப்போது கூரை மட்டத்தில் நின்றது. பாகத்தை மீண்டும் அவிழ்ப்பதென்றால் எல்லாரையும் கூட்ட வேண்டும். புத்தகத்தை இருந்த இடத்தில் வைத்தேன். பதினான்கு ஆண்டுகள் அது அங்கேயே இருந்தது. அவ்வாண்டுகளில் பெரும்பகுதி, வகுப்பில் அதே அட்டவணையை வரைந்துகொண்டும் இருந்தேன்.

2025 மார்ச்சில், பெரும்போக நெல் வந்து முடிந்த பின், குடும்பக் கூட்டமொன்று. இலாபத்தை என்ன செய்வது என்பது பேச்சு. உம்மா இப்போது இல்லை. காக்கா கொதிகலனைத் திருத்த வேண்டும் என்றார், அது வெடித்தால் உயிர் போகும். கட்டாரில் இருக்கும் தம்பி தொலைபேசியில், கல்லையும் கறுப்பு அரிசியையும் தானே பிரிக்கும் கலர் சோர்ட்டர் போடாவிட்டால் கொழும்புக் கடைகள் எங்கள் அரிசியை எடுக்கா என்றான். ராத்தா விதவை, மாதாமாதம் வருவது குறையக் கூடாது என்றார். தங்கச்சியின் கணவர் வயல்காரர். "120க்கு நெல் எடுத்துப்போட்டு மெசினும் வாங்கப் போறீங்களா?" என்று கேட்டார். ஐந்து பேர் வீட்டுக்குள்ளேயே என் அட்டவணை முழுவதும் வந்து உட்கார்ந்திருந்தது. எல்லாரும் நியாயமே பேசினார்கள்.

நான் புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்தேன். ஏன் அன்றைக்கு என்று கேட்டால் என்னிடம் நல்ல பதில் இல்லை. ஓய்வு பெற்றுவிட்டேன், வீடும் கட்டி முடிந்துவிட்டது. செலவு குறைந்த பிறகு வரும் நேர்மையை நான் பெரிதாக மதிப்பதில்லை, என்னுடையதையும் சேர்த்து.

"வாப்பாட பேர நாசமாக்கப் போறியா நீ?" என்றார் காக்கா.

தம்பி கேட்ட கேள்வி வேறு: ஆளுக்கு 6,600 ரூபாதானே, கொடுத்துவிட்டால் முடிந்தது. அங்கேதான் போடியாரின் வண்டி என் நினைவுக்கு வந்தது. விவசாயிக்கு நெல்லுக்கு நெல் கொடுத்தோம். கூலிக்காரிக்கு மட்டும் ரூபாவுக்கு ரூபாவா? இடையில் 2022ஐயும் கண்ட ரூபா அது. பணக்கடனில் தொகைக்கு மேல் கேட்பது ஆகாது என்பது மார்க்கச் சட்டத்தில் பரவலான கருத்து. நான் அதை மறுக்கவில்லை. ஆனால் கொடுப்பவன் தானாகக் கூட்டிக் கொடுப்பதற்கு வாப்பாவே வழி காட்டியிருந்தார். 2005 பதிவின்படி அப்போது எங்கள் ஆலை அரிசி கிலோ 33 ரூபா. 6,600 ரூபாவுக்கு 200 கிலோ. இன்றைய 225 ரூபாக் கணக்கில் 45,000. ஏழு பேருக்கும் மூன்று இலட்சத்துப் பதினையாயிரம்.

முதலில் சம்மதித்தவர் ராத்தா. அவருக்குத்தான் அது மிகவும் வலிக்கும். தங்கச்சி கணவரைப் பார்த்தாள், அவர் தலையாட்டினார். தம்பி, மெசின் தள்ளிப்போகாது என்றால் சரி என்றான். காக்கா கடைசிவரை சம்மதிக்கவில்லை. ஆலைக் கணக்கிலிருந்து எடுத்தால் அது வாப்பாவின் கடன் என்று எழுத வேண்டிவரும் என்பதுதான் அவருடைய வேதனை. மற்ற நால்வரின் பங்கிலிருந்தும் எடுத்தோம். இரண்டு நாள் கழித்து இரவில் என் வீட்டுக்கு வந்து, தன் பங்குக்கு உரியதை ஒரு கடித உறையில் வைத்துவிட்டு, தேநீர் கூடக் குடிக்காமல் போனார்.

ஏழு பேரில் இருவர் மௌத்தாகியிருந்தார்கள். அவர்களது பிள்ளைகளைத் தேடிக் கொடுத்தோம். ஒரு மகன், இது தேர்தல் காசா என்று கேட்டான்.

என் மாணவியின் உம்மா ஆலையின் பின்மதிலோரம் அதே இடத்தில்தான் இருக்கிறார், இப்போது கல்வீடு. மகள் கொழும்பில் கணக்காய்வு நிறுவனமொன்றில் வேலை செய்கிறாள். நான் போன விஷயத்தைச் சொல்லி, அவர்கள் ஸதகாவாக விட்டுவிட்டதாக எண்ணி இவ்வளவு காலம் இருந்துவிட்டோம், ஒருவரும் கேட்காதபடியால், என்றேன்.

"நாங்க கேக்கல்ல எண்டு ஆரு சொன்ன?" என்றார். "நான் மூணு தரம் கேட்ட. வெள்ளாம வெட்டட்டும் புள்ள, தாறன் எண்டார் ஹாஜியார். பொறகு எத்தின வெள்ளாம வெட்டின."

காசை எண்ணினார். இரண்டு தரம் எண்ணினார். முந்தானையில் முடிந்துகொண்டு, அவருடைய மருமகள் எங்கள் ஆலையில் கல் பொறுக்கும் பெண்களில் ஒருத்தி என்று நினைவூட்டினார். பிறகு கேட்டார்:

"சேர், மெசின் வரப்போகுதாமே. அது வந்தா பொறுக்கிற ஆக்கள நிப்பாட்டுவீங்களா?"

மெசினுக்கு முற்பணம் அதற்கு முந்திய கிழமையே போயிருந்தது. எனது பதினான்கு பங்கும் அதற்குச் சம்மதித்திருந்தன.